எழுபது வயதில் திரும்பி வரும் ஊர்ப்பேச்சு

இங்கிலாந்தில் எழுபதோ எண்பதோ வயதான ஒருவரிடம், "பதினைந்து வயதில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் சம்பளம், சனிக்கிழமை நடனக்கூடம், வானொலியில் இரவு கேட்ட பாட்டு என்று பேச்சு சூடுபிடிக்கும். கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். அதுவரை பொதுவான ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவருடைய உச்சரிப்பு மெல்ல இடம் மாறும். 'பஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் 'புஸ்' என்பார். 'ஹவுஸ்' என்றவர் 'அவுஸ்' என்பார். நாற்பது வருடமாக வாயில் வராத ஒரு சொல் தானாக வந்து விழும்.

இதைப் பலர் வயதானவர்களின் ஊர்ப்பாசம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பாசம் இருக்கிறதுதான். ஆனால் அதற்கும் கீழே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒருவருடைய உச்சரிப்பு ஏறக்குறைய உறுதிப்படுவது பதின்வயதில். நம் நினைவில் அடர்த்தியாக நிற்பதும் அதே பதின்வயதும் அதை ஒட்டிய வருடங்களும். அதனால் நினைவு அந்த வருடங்களுக்குப் போகும்போது நாக்கும் கூடவே போகிறது.

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். ஆக்சென்ட் என்பது உச்சரிப்பு மட்டும். அதே சொல்லை, அதே வாக்கியத்தை, வேறு ஒலியில் சொல்வது. வட்டார வழக்கு என்றால் சொல்லும் இலக்கணமும் சேர்ந்து மாறும். யார்க்ஷயர்க்காரர் 'ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேலை' என்பதை 'நைன் வைல் ஃபைவ்' என்பார். அது வழக்கு. 'பஸ்' 'புஸ்' ஆவது உச்சரிப்பு. பெரியவர்களின் பேச்சில் இரண்டும் கலந்தே வரும்.

இங்கிலாந்தின் உச்சரிப்புகளைப் பிரித்தறிய மூன்று ஒலிகள் தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும். ஒன்று, 'கப்', 'லவ்', 'பட்டர்' போன்ற சொற்களில் வரும் உயிரொலி. தெற்கில் நாம் பழகிய அகரம் போலவே இருக்கும். வடக்கிலோ 'குப்', 'லுவ்', 'புட்டர்'. இரண்டாவது, 'பாத்', 'க்ராஸ்', 'டான்ஸ்'. லண்டன் பக்கம் அந்த ஆகாரத்தை நன்றாக நீட்டுவார்கள். மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்டு பக்கம் 'பத்', 'க்ரஸ்', 'டன்ஸ்' என்று குறில்தான். மூன்றாவது, உயிரொலிக்குப் பின்னால் வரும் 'ர்'. லண்டன்காரருக்கு 'ஃபார்ம்' என்பது 'ஃபாம்', 'கார்' என்பது வெறும் 'கா'. பிரிஸ்டல், சாமர்செட், டெவன் முதலான தென்மேற்குப் பகுதியில் நாக்கை மடித்து அந்த 'ர்' முழுதாக ஒலிக்கும். லங்காஷயரில் பிளாக்பர்ன், அக்ரிங்டன் போன்ற ஊர்களின் பெரியவர்களிடமும் அது இன்னும் உண்டு. எழுத்தில் இருக்கும் 'ர்'ரை விடாமல் சொல்லும் நம்மவர்களுக்கு அந்த ஊர் ஆங்கிலம் இந்த ஒரு விஷயத்தில் நெருக்கமாகவே கேட்கும்.

சொல்லின் முதலில் வரும் 'ஹ' நகரத்து உழைக்கும் மக்களிடம் நாடு முழுக்கவே உதிர்ந்துவிடும். அதில் நியூகாசில் பக்கம் விதிவிலக்கு. அங்கே 'ஹ' நிற்கும்.

இதில் எது சரி, எது கொச்சை என்று கேட்டால், வரலாறு தருகிற பதில் பலருக்கும் வியப்பாக இருக்கும். 'கப்' என்ற சொல்லின் உயிரொலி தெற்கில் மாறத் தொடங்கியது 17-ஆம் நூற்றாண்டில். அதற்கு முன் நாடு முழுவதும் 'குப்' போலத்தான். 'பாத்' நீண்டதும் லண்டனில் 'ர்' மங்கியதும் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டின் கதை. ஆக இந்த ஒலிகளில் வடக்கத்தியாரும் தென்மேற்கத்தியாரும் பழையதை வைத்திருக்கிறார்கள், மாறியது லண்டன். அப்படியிருந்தும், பள்ளியில் திருத்தப்பட்டவர்கள் வடக்கத்தியப் பிள்ளைகள்தான். இந்த அநியாயத்தை மனதில் வைத்துக்கொண்டால்தான் பெரியவர்கள் சொல்லும் பல கதைகள் புரியும்.

சரி, உச்சரிப்பு ஏன் பதின்வயதில் உறுதிப்படுகிறது? குழந்தை முதலில் பெற்றோரைப் போலப் பேசும். பள்ளிக்குப் போன பிறகு கூடப் படிக்கும் பிள்ளைகளைப் போலப் பேசும். இதை நன்றாகக் காட்டிய ஊர் மில்டன் கீன்ஸ். 1967-ல் புதுநகரமாக அறிவிக்கப்பட்டு, பல ஊர்களிலிருந்து மக்கள் குடியேறிய இடம் அது. 1990-களின் தொடக்கத்தில் பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் என்ற இரு மொழியியலாளர்கள் அங்கே 4, 8, 12 வயதுப் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்தார்கள். நான்கு வயதுப் பிள்ளைகள் அம்மா அப்பாவின் ஊரைப் பேச்சில் காட்டினார்கள். பன்னிரண்டு வயதினரோ ஒருவரைப் போல ஒருவர் பேசினார்கள். அப்பா ஸ்காட்லாந்து, அம்மா லண்டன் என்பதெல்லாம் அவர்கள் பேச்சில் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. அந்த ஊருக்கென்று ஒரு புது உச்சரிப்பை அந்தப் பிள்ளைகளே சேர்ந்து உண்டாக்கியிருந்தார்கள்.

எந்த வயதுக்கு மேல் மாறுவது கடினம் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவிலிருந்து தென் இங்கிலாந்துக்கு வந்த சில பிள்ளைகளை ஜாக் சேம்பர்ஸ் கவனித்தார். ஒன்பது வயதுப் பிள்ளை புது ஊரின் உச்சரிப்பை வெகுவாகப் பிடித்துக்கொண்டது. பதினேழு வயதில் இருந்தவர் கொஞ்சம்தான் மாறினார். இடைப்பட்ட வயதில் முடிவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது.

பதின்வயதில் இன்னொரு விசையும் சேர்ந்துகொள்கிறது: யாரோடு நிற்கிறோம் என்பதைப் பேச்சால் காட்டும் ஆசை. 1970-களில் ஜென்னி செஷயர் ரெடிங் நகரத்து விளையாட்டுத் திடல்களில் பதின்வயதினரோடு பழகி அவர்கள் பேச்சைப் பதிவு செய்தார். கூட்டாளிகளோடு நெருக்கமாக இருந்தவர்களிடம் ஊர்வழக்கு வலுவாக இருந்தது. விலகி நின்றவர்களிடம் குறைவு. உச்சரிப்பைப் பிள்ளைகள் சும்மா வாங்கிக்கொள்வதில்லை, ஓரளவு தேர்ந்தெடுக்கவும் செய்கிறார்கள்.

இப்போது நினைவின் பக்கம் வருவோம். நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், பத்து முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை மற்ற வருடங்களைவிட அதிகமாக வரும். வரைபடம் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். 1980-களில் டேவிட் ரூபின் முதலான உளவியலாளர்கள் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள். காரணமாகச் சொல்லப்படுபவை பல. முதல் வேலை, முதல் காதல், வீட்டை விட்டு முதல் பயணம் என்று புதியவை நெருக்கமாக நடக்கும் வயது அது. நான் யார் என்று ஒருவர் முடிவுசெய்துகொள்ளும் வயதும் அதுவே. பாட்டு விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பதின்வயதில் கேட்ட பாட்டின் வரிகள் எண்பதிலும் தடுமாறாமல் வரும்.

இந்த மேடு ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் கேட்பவரும் சேர வேண்டும். ஹவர்ட் கைல்ஸ் என்ற உளவியலாளர் 1970-களில் விளக்கிய விஷயம் இது: நாம் யாரோடு பேசுகிறோமோ அவருக்கு ஏற்ப நம் பேச்சை, அறியாமலேயே, நெருக்கியோ விலக்கியோ கொள்கிறோம். பழைய பள்ளித் தோழர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து 1958-ஐப் பற்றிப் பேசினால் எல்லாம் ஒன்றாக வேலை செய்கிறது. எதிரில் இருப்பவர், பேசும் பொருள், நினைவு, மூன்றும் ஒரே ஊரை நோக்கி இழுக்கின்றன.

இந்தப் பெரியவர்கள் வளர்ந்த இங்கிலாந்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1944 கல்விச் சட்டத்துக்குப் பின் பதினோரு வயதில் ஒரு தேர்வு. தேறியவர்கள் மேற்படிப்பை நோக்கிய கிராமர் ஸ்கூல். மற்றவர்கள் பெரும்பாலும் செகண்டரி மாடர்ன் என்ற சாதாரணப் பள்ளி. அங்கே படிப்பு பதினைந்து வயதோடு முடிந்து வேலைக்குப் போவார்கள். பள்ளிப்படிப்பின் கட்டாய வயது 16 ஆனது 1972-ல்தான். கிராமர் ஸ்கூலுக்குப் போன தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு பேச்சு தேவைப்பட்டது. வகுப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று. வீட்டில் பள்ளிப் பேச்சு வந்தால் 'பெரிய இடத்துப் பேச்சு பேசுகிறாயா' என்ற கேலி. பள்ளியில் வீட்டுப் பேச்சு வந்தால் திருத்தம். அந்த வயதில் தினமும் இரண்டு பக்கமும் அடிபட்ட பிள்ளைகள் இவர்கள். உச்சரிப்பைத் திருத்த எலக்யூஷன் வகுப்புக்குக் காசு கட்டி அனுப்பிய பெற்றோரும் உண்டு. அன்பால்தான் அனுப்பினார்கள். பிள்ளை நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தங்கள் வீட்டுப் பேச்சையே அவன் வாயிலிருந்து எடுத்துவிடச் சம்மதித்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடம்.

'சரியான' உச்சரிப்பு என்று அன்று கருதப்பட்டது ரிசீவ்ட் ப்ரொனன்ஸியேஷன், சுருக்கமாக ஆர்.பி. அது எந்த ஊருக்கும் உரியதல்ல, ஒரு வகுப்புக்கு உரியது. கட்டணம் வாங்கும் பெரிய உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தது. 1922-ல் பிபிசி தொடங்கியபின் வானொலி வழியாக அது வீடுகளுக்குள் வந்தது. ஹாலிஃபாக்ஸில் பிறந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் 1941-ல் தன் யார்க்ஷயர் உச்சரிப்போடு தேசியச் செய்தி வாசித்தார். வடக்கத்தியாருக்கு அவர் 'குட் நீட்' என்று இரவு வணக்கம் சொன்னது பெரிய பேச்சானது. நாடு போரில் இருந்த நேரத்தில்கூட, செய்தியை யார் எப்படி உச்சரிக்கிறார் என்பது மக்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்தது.

பல ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்த இன்னொரு பெரிய நிகழ்வு கட்டாய ராணுவச் சேவை. பதினெட்டு வயதான பையன்களை அழைத்தார்கள். புதிதாக அழைப்பது 1960-ன் இறுதியோடு நின்றது. தன் ஊரைத் தாண்டிப் போகாத பையன் முகாமில் முதல் முறையாக நாட்டின் எல்லா உச்சரிப்புகளையும் கேட்டான். நியூகாசில்காரன் 'ஜார்டி', லிவர்பூல்காரன் 'ஸ்கௌஸ்', பர்மிங்ஹாம்காரன் 'பிரம்', வேல்ஸ்காரன் 'டாஃபி', ஸ்காட்லாந்துக்காரன் 'ஜாக்'. ஊரே பெயராகிவிட்டது.

ஆலைக்குப் போன பெண்களுக்குக் கிடைத்தது வேறு பள்ளி. லங்காஷயர் பருத்தி ஆலைகளில் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால் உதட்டையும் முகத்தையும் பெரிதாக அசைத்துச் சத்தமில்லாமல் பேசிக்கொண்டார்கள். அதற்கு 'மீ-மா' என்று பெயர். பதினைந்து வயதில் சேர்ந்த பெண் சில மாதங்களில் கூடத்தின் மறுகோடியில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்று வாயசைவிலேயே படித்துவிடுவாள். ஆலையை விட்டுப் பல வருடம் ஆன பின்னும், மற்றவர் காதில் விழக்கூடாத விஷயம் என்றால் அந்தப் பாட்டிகள் வாயசைத்தே பேசிக்கொண்டார்கள். டரம், நார்தம்பர்லாந்து சுரங்கங்களில் 'பிட்மேட்டிக்' என்ற தனிப் பேச்சே இருந்தது. கூட வேலை செய்பவன் 'மாரா', கட்டிக்கொண்டு போகும் சாப்பாடு 'பெயிட்'. சுரங்கங்கள் மூடியபின் இந்தச் சொற்களுக்கு வேலையும் குறைந்தது.

பெரியவர்கள் இளமையைப் பேசும்போது உச்சரிப்பைவிடவும் முன்னால் வந்து நிற்பவை சில சொற்கள். இரண்டு வீடுகளுக்கு நடுவே போகும் சிறு சந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லீட்ஸில் 'ஜினல்', யார்க்ஷயரில் வேறு சில இடங்களில் 'ஸ்னிக்கெட்', லெஸ்டரில் 'ஜிட்டி', லிவர்பூலில் 'ஜிகர்', சசெக்ஸில் 'ட்விட்டன்'. பள்ளிக்குக் கள்ளம் போடுவது லிவர்பூலில் 'சாகிங்', வேல்ஸிலும் டெவனிலும் 'மிச்சிங்', லண்டனில் 'பங்கிங்'. சின்ன உருண்டை ரொட்டிக்கு மான்செஸ்டரில் 'பார்ம்', நாட்டிங்ஹாமில் 'காப்', காவன்ட்ரியில் 'பேட்ச்'. எந்தச் சொல் சரி என்று இன்றைக்கும் ஆவேசமாகச் சண்டை போடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது விளையாட்டுச் சொல். ஓடிப்பிடித்து விளையாடும்போது ஷூ கயிறு அவிழ்ந்துவிட்டால், விரல்களைக் குறுக்கே மடக்கிக்கொண்டு ஒரு சொல் சொன்னால் யாரும் தொடக்கூடாது. ஐயோனா ஓபி, பீட்டர் ஓபி என்ற தம்பதி 1950-களில் சுமார் 5,000 பள்ளிப் பிள்ளைகளிடமிருந்து இப்படிப்பட்ட வழக்குகளைத் திரட்டினார்கள். லண்டனில் 'ஃபெயினைட்ஸ்'. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடமேற்கிலும் 'பார்லி'. கிழக்கில் 'கிங்ஸ்'. டரம் பக்கம் 'ஸ்கின்ச்'. தெற்கு வேல்ஸில் 'க்ரீ'. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, எந்த ஆசிரியரும் சொல்லித்தரவில்லை, பெரியவர்கள் பேச்சிலும் வராது. பிள்ளைகளிடமிருந்து பிள்ளைகளுக்கே போன சொற்கள். அன்றைக்குப் பத்து வயதில் இருந்தவருக்கு இன்று எண்பது நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. அவரிடம் கேட்டால் ஒரு நொடி தயங்காமல் அந்தச் சொல்லைச் சொல்வார்.

உச்சரிப்பை வெற்றிகரமாக மாற்றிக்கொண்டவர்களுக்கும் இது நடக்கும். மார்கரெட் தாட்சர் லிங்கன்ஷயரின் கிரான்தம் ஊரில் மளிகைக்கடைக்காரர் மகளாக வளர்ந்தவர். ஊர்ப்பேச்சைக் களைந்து, பிற்காலத்தில் குரல் பயிற்சியும் எடுத்துக்கொண்டவர். 1983 ஏப்ரலில், பிரதமராக இருந்தபோது, நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியைப் பார்த்து, தேர்தலுக்குப் பயமா என்று ஆவேசமாகக் கேட்டபோது 'ஃப்ரிட்' என்ற சொல் வந்தது. 'பயந்துபோன' என்பதற்கு லிங்கன்ஷயரில் புழங்கும் சொல். ஊரை விட்டு நாற்பது வருடம் ஆகியிருந்தது.

ஒருவருடைய பேச்சில் அவர் வளர்ந்த இடம் எவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருக்கும் என்பதற்கு ஒரு குற்ற வழக்கே சாட்சி. 1979-ல் யார்க்ஷயரில் தொடர் கொலைகளை விசாரித்துக்கொண்டிருந்த காவல்துறைக்கு, கொலைகாரன் தான்தான் என்று சொல்லும் ஒரு ஒலிநாடா வந்தது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டான்லி எல்லிஸ் அதைக் கேட்டுவிட்டு, பேசுபவர் சண்டர்லாந்தின் காசில்டவுன் பகுதிக்காரர் என்றார். ஒலிநாடா போலி, உண்மையான கொலைகாரன் வேறு ஆள் என்று பின்னால் தெரிந்தது. அதை அனுப்பிய ஆள் 2005-ல் மரபணுச் சோதனையால் பிடிபட்டார். அவர் வளர்ந்த இடம் காசில்டவுனிலிருந்து சுமார் ஒரு மைல்.

எல்லிஸுக்கு அந்தக் காது எப்படி வந்தது? லீட்ஸில் ஹெரல்ட் ஆர்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை நடந்த ஆங்கில வட்டார வழக்குக் கணக்கெடுப்பில் ஊர் ஊராகப் போனவர்களில் அவர் ஒருவர். 313 இடங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள். வேண்டுமென்றே வயதானவர்களை, அதுவும் ஊரை விட்டு அதிகம் நகராத கிராமத்தவர்களைத் தேடிப் போனார்கள். இதில்தான் இந்தத் துறையின் மிக அழகான உத்தி இருக்கிறது. 1955-ல் 75 வயதான ஒருவர் பதின்வயதில் இருந்தது 1890-களில். உச்சரிப்பு பதின்வயதில் உறுதிப்படுகிறது என்றால், அவர் பேசும்போது நமக்குக் கேட்பது பெரும்பாலும் 1890-களின் இங்கிலாந்து. அப்படிப் பார்த்தபோதுதான் லண்டனுக்கு அருகே உள்ள கென்ட், சசெக்ஸ் கிராமங்களில்கூட அந்தப் பழைய 'ர்' பெரியவர்களிடம் உயிரோடு இருந்தது தெரிந்தது. இன்று அந்தப் பக்கம் அது கேட்பதில்லை.

ஆனால் உச்சரிப்பு பதின்வயதோடு முழுக்க உறைந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜொனாதன் ஹாரிங்டன் குழுவினர் எலிசபெத் ராணியின் கிறிஸ்துமஸ் வானொலி உரைகளை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். 1950-களில் இருந்ததைவிட 1980-களில் அவருடைய உயிரொலிகள் சாதாரண தென் இங்கிலாந்து மக்களின் பேச்சுப் பக்கம் நகர்ந்திருந்தன. முழுதாக அங்கே போய்ச் சேரவில்லை, நகர்ந்திருந்தன. ராணிக்கே இது நடக்கும் என்றால், 75 வயதுக்காரரின் பேச்சில் 1890-கள் அப்படியே இருக்கும் என்று சொல்வதில் கொஞ்சம் நிதானம் தேவை.

கேட்டுப் பழக விரும்புபவர்களுக்கு நல்ல இடம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிப்பதிவுகள். 1998-99-ல் பிபிசியின் உள்ளூர் வானொலி நிலையங்கள் சுமார் 6,000 பேரின் வாழ்க்கைக் கதைகளைப் பதிவு செய்து அங்கே சேர்த்தன. கேட்கும்போது முதல் ஐந்து நிமிடத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மைக்கின் முன்னால் எல்லோரும் கொஞ்சம் விறைப்பாகத்தான் தொடங்குவார்கள். பள்ளி, நண்பர்கள், முதல் வேலை என்று கதை போகும் இடத்தில் 'கப்', 'பாத்', 'ஃபார்ம்' போன்ற சொற்களுக்காகக் காத்திருங்கள். அந்த இடத்தில் உயிரொலி மாறுவதைக் காதாலேயே பிடித்துவிடலாம்.

வட்டார உச்சரிப்புகள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று பெரியவர்கள் வருத்தப்படுவதில் பாதி உண்மை உண்டு. கென்ட்டின் 'ர்' போய்விட்டது. பல சிற்றூர்களின் தனி அடையாளம் அருகிலுள்ள பெருநகரப் பேச்சில் கரைந்துவிட்டது. ஆனால் லிவர்பூல் பேச்சு தன் தனித்தன்மையை விடவில்லை. லண்டனில் ஹாக்னி போன்ற பகுதிகளில், கரீபியன், ஆப்பிரிக்க, தெற்காசியக் குடும்பங்களின் பிள்ளைகளும் பழைய லண்டன்காரர்களின் பிள்ளைகளும் சேர்ந்து புதிதாக ஓர் ஆங்கிலத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். 2004 முதல் செஷயரும் கெர்ஸ்விலும் அதையும் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். மில்டன் கீன்ஸில் கண்ட அதே விதிதான் இங்கேயும். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் வளரும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகள் அம்மா அப்பாவின் ஆங்கிலத்தைப் பேசாமல் லண்டன் ஆங்கிலம் பேசுவதற்கும் காரணம் அதுவே. வீட்டுக்குள் பெற்றோர் எவ்வளவு பேசினாலும், அந்த வயதில் பிள்ளையின் காது கூடப் படிப்பவர்களின் பக்கம்தான்.